கண்டன்சரை மாற்றுங்கள், ஐசியை விட்டுவிடுங்கள்

பழைய சிடி பிளேயருக்கு ஒரு ஐசி தேவைப்பட்டால், சூளகிரிக்காரருக்குச் சென்னை ரிச்சி தெரு 280 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பெங்களூரு எஸ்.பி. ரோடோ, ஓசூரைத் தாண்டிப் போனால் 65 கிலோமீட்டர்தான். காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் பொருளோடு வீடு திரும்பலாம். அதனால், பாட்டுப் பிரியர்களிடையே உலகெங்கும் உலவும் ஒரு யோசனையை இந்த எல்லையோர ஊர்களில் நிறைவேற்றிப் பார்ப்பது சுலபம். யோசனை இதுதான்: பிளேயரைத் திற, ஆடியோ வெளியேறும் இடத்தில் இருக்கும் மலிவான ஆப்-ஆம்ப் ஐசியைக் கழற்று, விலை உயர்ந்த ஒன்றைப் போடு, கையோடு அங்கிருக்கும் கண்டன்சர்களையும் 'ஆடியோ கிரேடு' சரக்காக மாற்று, பாட்டு புதிதாகப் பிறக்கும். இந்த இரண்டு மாற்றங்களும் எப்போதும் ஒரே பொட்டலமாகத்தான் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆனால் கணக்கும் சோதனையும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. கண்டன்சரை மாற்றுவதற்கு உறுதியான காரணம் உண்டு. ஐசியை மாற்றுவதற்குப் பெரும்பாலான பிளேயர்களில் காரணமே இல்லை. இருந்தும் பாட்டு தெளிந்துவிட்டதற்கான பெருமை ஐசிக்குத்தான் போய்ச் சேருகிறது.

முதலில், பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த விதிப்படி, பாட்டின் ஒவ்வொரு விநாடியும் ஒரு சேனலுக்கு 44,100 எண்களாக, எண்ணுக்கு 16 பிட் வீதம், தட்டில் பதிவாகிறது. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சிடிபி-101 தொடங்கி, பின்னாளில் நம் வீடுகளில் டிவிக்குக் கீழே உட்கார்ந்த டிவிடி பிளேயர் வரை, ஆடியோ சிடியைப் பொறுத்தவரை வேலை ஒன்றேதான். லேசர் வாசித்த எண்களை 'டாக்' எனப்படும் சிப் மின்னலையாக மாற்றுகிறது. அந்த அலையோடு, காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில், தேவையில்லாத கசடும் ஒட்டிக்கொண்டு வரும். அதை வடிகட்டி, ஆம்ப்ளிஃபயர் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு, அதாவது உச்சமாக ஏறத்தாழ 2 வோல்ட்டுக்கு, அலையை உயர்த்தித் தருவதுதான் ஆப்-ஆம்பின் வேலை. எட்டுக் கால் உள்ள சின்னக் கறுப்பு ஐசி அது. இடது, வலது சேனல்களுக்கு ஒவ்வொன்றாக இரண்டு ஆப்-ஆம்ப் அதற்குள் இருக்கும். அதை அடுத்து நிற்பது கப்ளிங் கண்டன்சர். டிசி வோல்டேஜை மறித்துவிட்டுப் பாட்டை மட்டும் பின்பக்கத்துச் சிவப்பு, வெள்ளை சாக்கெட்டுக்கு விடுவது அதன் பொறுப்பு. இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது எஸ்எம்பிஎஸ் அல்லது டிரான்ஸ்ஃபார்மர் போர்டு. அங்கே பெரிய ஃபில்டர் கண்டன்சர்கள் நிற்கும்.

ஆப்-ஆம்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதம் வேகம். ஐசியின் வெளியீட்டு வோல்டேஜ் ஒரு மைக்ரோ விநாடிக்குள் எத்தனை வோல்ட் ஏறவோ இறங்கவோ முடியும் என்பதை ஸ்லூ ரேட் என்கிறார்கள். அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர் செய்பவர்களுக்குப் பாஸ்-ட்ரெபிள் போர்டில் பழகிப்போன 4558 ஐசிக்கு இது 1 வோல்ட். என்இ5532-க்கு 9. பலர் ஆசைப்பட்டு வாங்கும் ஓபிஏ2134-க்கு 20. ஒன்றுக்கும் இருபதுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, பாட்டுக்கு எவ்வளவு வேகம் தேவை என்பது. மனிதக் காதின் மேல் எல்லையான 20 கிலோ ஹெர்ட்ஸில், பிளேயர் தரக்கூடிய முழு 2 வோல்ட்டும் வெளியே வருவதாக வைத்துக்கொள்வோம். இந்த 2 வோல்ட் ஆர்எம்எஸ் மதிப்பு என்பதால், அந்த அலையின் உச்சி 2.83 வோல்ட். இரண்டு பை, அதிர்வெண், உச்சி வோல்டேஜ் மூன்றையும் பெருக்கினால் தேவைப்படும் வேகம் கிடைக்கும்: மைக்ரோ விநாடிக்கு 0.36 வோல்ட். 1968-ல் ஃபேர்சைல்டு நிறுவனம் வெளியிட்ட 741 ஐசியே 0.5 வோல்ட் தரும். 4558-இடம் தேவையைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கையிருப்பு உண்டு. அதோடு, எந்தப் பாட்டிலும் உச்ச சத்தம் 20 கிலோ ஹெர்ட்ஸில் இருப்பதில்லை. ஜால்ராவின் கிணுகிணுப்பும் அந்த உயரத்தில் மெல்லிய எச்சமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வாதம் இரைச்சல். 16 பிட் பதிவுக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. உச்ச ஒலிக்கும் அடியில் கிடக்கும் இரைச்சலுக்கும் இடையே கோட்பாட்டளவில் 98 டெசிபல்தான் இடைவெளி. உச்சம் 2 வோல்ட் என்றால், தட்டிலேயே பதிந்திருக்கும் இரைச்சல் ஏறத்தாழ 25 மைக்ரோ வோல்ட். என்இ5532-இன் தரவுத்தாள் மதிப்பைக் கொண்டு, காது கேட்கும் 20 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்துக்கு அதன் சொந்த இரைச்சலைக் கணக்கிட்டால் 0.7 மைக்ரோ வோல்ட் வரும். அதைவிட அமைதியான எல்எம்4562-க்கு 0.4. இரண்டு மூன்று மடங்கு பெருக்கம் சேர்ந்தாலும் இந்த எண்கள் 25-க்குப் பக்கத்தில் வருவதில்லை. கிரானைட் லாரிகள் ஓடும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரம் நின்றுகொண்டு, இரண்டு கைக்கடிகாரங்களில் எதன் முள் மெல்லிய சத்தத்தில் துடிக்கிறது என்று ஒப்பிடுவது போன்ற வேலை இது. ஒலிச்சிதைவிலும் கதை மாறுவதில்லை. ஓபிஏ2134-இன் தரவுத்தாள் 0.00008 சதவீதம் என்கிறது. அந்த ஒலியை வாங்கிக் காற்றை அசைக்கும் ஸ்பீக்கரோ, பேஸ் ஒலியைச் சத்தமாக வைத்தால் ஒரு சதவீதத்தை எளிதில் தாண்டும்.

இன்னொரு உண்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970-களின் இறுதியில் சிக்னெடிக்ஸ் கொண்டுவந்த 5534, 5532 ஐசிகள்தான் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகின் ஒலிப்பதிவு மிக்சர் மேசைகளை ஆண்டன. பாடகரின் மைக்கில் தொடங்கி, ஈக்வலைசர், ஃபேடர், மிக்சிங், மாஸ்டரிங் என்று தட்டில் ஏறுவதற்குள் ஒரு பாட்டு இந்த வகை ஐசிகளைப் பத்துக்கணக்கில், சில சமயம் நூறு கணக்கில், கடந்து வந்திருக்கும். அத்தனை ஐசிகள் கெடுக்காத ஒன்றைக் கடைசியாக நிற்கும் ஒரே ஐசி கெடுத்துவிடும் என்று நம்ப வலுவான காரணம் வேண்டும். அதேபோல, அத்தனை ஐசிகள் வழியே வந்துவிட்ட ஒன்றைக் கடைசியில் நிற்கும் விலை உயர்ந்த ஒன்று திருத்திவிடும் என்று நம்பவும் இடமில்லை. ஒலிப்பதிவு மேசைகளை வடிவமைத்த பிரிட்டிஷ் பொறியாளர் டக்ளஸ் செல்ஃப், சிறிய சிக்னல்களுக்கான ஆடியோ வடிவமைப்பு பற்றித் தன் நூலில், அளந்து பார்த்து, 5532-ஐ இன்றும் நம்பத்தக்க தேர்வாகவே காட்டுகிறார்.

இதற்கு விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பிலிப்ஸின் டிடிஏ1541 போன்ற பழைய டாக் சிப்கள் வோல்டேஜைத் தருவதில்லை, கரண்டைத் தருகின்றன. அதை வோல்டேஜாக மாற்றும் முதல் ஆப்-ஆம்புக்கு வந்து சேருவது வழவழப்பான பாட்டலை அல்ல, படிப்படியாகத் துள்ளும் கூர்மையான மின்னோட்டம். அந்த இடத்தில் வேகம் உண்மையிலேயே தேவை. அங்கே மந்தமான ஐசி இருந்தால் மாற்றுவது நியாயம். ஆனால் அந்தத் தலைமுறையின் நல்ல பிளேயர்கள் பலவற்றில் அங்கே ஏற்கெனவே 5532 அல்லது 5534 இருக்கிறது. பின்னால் வந்த டிவிடி பிளேயர்களில் டாக் சிப்பே வோல்டேஜைத் தந்துவிடுகிறது. ஆக, விதிவிலக்கு உண்டு. அது எந்த மாடலில், எந்த இடத்தில் என்பதைச் சர்க்யூட் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஐசியின் புகழைக் கேட்டு அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

இனி கண்டன்சர். இங்கே படம் முற்றிலும் மாறுகிறது. ஐசி என்பது சிலிக்கன் துண்டு, வரம்புக்குள் வைத்து ஓட்டினால் பத்தாண்டுகளில் அதன் குணம் பெரிதாக மாறாது. எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சரோ உள்ளே ஈரம் வைத்திருக்கும் பொருள். அலுமினியத் தகடுகளுக்கிடையே நனைந்த காகிதம், அடியில் ரப்பர் அடைப்பு. வெப்பத்தில் அந்த ஈரம் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. ஈரம் குறையக் குறைய அதன் கொள்ளளவு குறைகிறது, உள்தடை ஏறுகிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையின் பொதுவான கணக்கு. உறையில் 85 டிகிரி என்று அச்சிட்ட, 1,000 மணி நேர ஆயுளுள்ள மலிவுக் கண்டன்சர், எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் 55 டிகிரியில் நிற்பதாக வைத்துக்கொண்டால் 8,000 மணி நேரம் தாங்கும். தினம் நான்கு மணி நேரம் ஓடும் வீட்டில் அது ஐந்தரை ஆண்டு. 105 டிகிரி, 2,000 மணி நேரம் என்ற ரகம் அதே இடத்தில் 64,000 மணி நேரம் வரும். கணக்கு நாற்பது ஆண்டுகளைத் தாண்டினாலும், ரப்பர் அடைப்பே மூப்படைவதால் தயாரிப்பாளர்கள் பொதுவாக 15 ஆண்டுகளுக்கு மேல் வாக்குக் கொடுப்பதில்லை. எப்படியும் ஐந்துக்கும் பதினைந்துக்கும் உள்ள வித்தியாசம் உறையில் பொடி எழுத்தில் அச்சிட்ட அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. 'ஆடியோ கிரேடு' என்ற தங்க எழுத்தைவிட அதைப் படிப்பது முக்கியம்.

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வந்த பிளேயர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தக் காலத்தில் தரமற்ற மின்பகு திரவம் நிரப்பிய கண்டன்சர்கள் உலகச் சந்தையில் பெருமளவில் கலந்து, கம்ப்யூட்டர் போர்டுகளிலிருந்து டிவிடி பிளேயர்கள் வரை தலை உப்பி வெடித்தன. ஸ்விட்சைப் போட்டால் உயிரே இல்லை, அல்லது டிஸ்ப்ளே விட்டு விட்டு எரிகிறது என்று மெக்கானிக்கிடம் வரும் டிவிடி பிளேயரில், எஸ்எம்பிஎஸ் போர்டில் உப்பி நிற்கும் 1,000 மைக்ரோஃபாரட் கண்டன்சரைத்தான் அவர் முதலில் தேடுவார். உப்பாமலே உள்ளே காய்ந்து போனவை இன்னும் மோசம், கண்ணுக்குத் தெரியாமல் மின்வழங்கியில் சிற்றலையை விட்டுவிடும். அது பாட்டின் அடியில் 'ம்ம்' என்ற ரீங்காரமாகவோ கரகரப்பாகவோ கேட்கும்.

கப்ளிங் கண்டன்சர் காய்ந்தால் வரும் கேடு இன்னும் நேரடியானது. 10 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் ஆம்ப்ளிஃபயரின் 10 கிலோ ஓம் உள்ளீடும் சேர்ந்தால், 1.6 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலி குறையத் தொடங்கும். காது 20 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது என்பதால் நமக்கு நஷ்டம் இல்லை. அதே கண்டன்சர் காய்ந்து அரை மைக்ரோஃபாரட் ஆகிவிட்டால் அந்த எல்லை 32 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதற்கு மேலேயும் தேய்வு சரிவாகத் தொடரும். பேஸ் கிட்டாரின் அடிச்சுருதி மெலியும், டிரம்மின் கனம் போகும். புதிய கண்டன்சர் போட்டதும் அவை திரும்பி வருவது பிரமை அல்ல. இழந்ததை மீட்டதுதான் அது. முடிச்சு அவிழ்வது இங்கேதான். 'மாடிஃபிகேஷன்' செய்பவர் ஒரே நாளில் ஐசியையும் மாற்றுகிறார், கண்டன்சர்களையும் மாற்றுகிறார். பேஸ் திரும்புகிறது, ரீங்காரம் ஒழிகிறது. செலவு அதிகம் ஆனதும் பேர் பெற்றதும் ஐசி என்பதால் பாராட்டு அதற்குப் போகிறது. வேலை செய்தது சில ரூபாய்க் கண்டன்சர். இரண்டையும் தனித்தனி நாளில் மாற்றிப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

கண்டன்சரிலும் எல்லா ஆசைக்கும் ஆதாரம் இல்லை. நல்ல நிலையில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக்கை எடுத்துவிட்டு அதே மதிப்பில் பெரிய ஃபிலிம் கண்டன்சரைத் திணிப்பது பெரும்பாலும் இடத்துக்குக் கேடு. கப்ளிங் கண்டன்சர் தேவைக்கு அதிகமான மதிப்பில் இருந்தால், கேட்கும் அதிர்வெண்களில் அதன் இரு முனைகளுக்கிடையே வோல்டேஜ் மிகக் குறைவாகவே நிற்கும். வோல்டேஜே இல்லாத இடத்தில் அது சிதைவை உண்டாக்க வழியில்லை. வடிகட்டும் பகுதியில் மலிவான செராமிக் கண்டன்சர் சிக்னல் பாதையில் இருந்தால், வோல்டேஜுக்கேற்ப அதன் மதிப்பு மாறும் என்பதால், ஃபிலிம் ரகத்துக்கு மாறுவது நியாயம். அந்தச் சிதைவைக் கருவியில் அளந்து காட்ட முடியும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, "எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது, என் காது கேட்டது" என்பது. காதை மதிக்க வேண்டியதுதான். அதனால்தான் கண்ணையும் விலைச்சீட்டையும் மறைத்துவிட்டுக் காதை மட்டும் சோதித்த ஆய்வுகளைக் கேட்க வேண்டும். 2007-ல் பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிடியைவிட உயர்தரமான பதிவுகளை ஒலிக்கவிட்டு, நடுவில் அந்த ஒலியைச் சிடி தரத்துக்கு மாற்றி மீண்டும் அனலாக் ஆக்கும் ஒரு முழுச் சுற்றையே நுழைத்தும் எடுத்தும் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276. பூவா தலையா போட்டாலும் இதுதான் கிடைக்கும். ஒரு முழு மாற்றிச் சுற்றை நுழைத்தபோதே காதுக்குப் பிடிபடவில்லை என்றால், ஓர் ஆப்-ஆம்புக்குப் பதில் இன்னொன்று என்பது அதைவிடச் சிறிய மாற்றம். எதிர்த்தரப்பு ஆதாரத்தையும் மறைக்கக் கூடாது. 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து, 12,500-க்கும் மேற்பட்ட முயற்சிகளில், உயர்தரப் பதிவையும் சிடி தரத்தையும் கேட்போர் 52.3 சதவீதம் சரியாகப் பிரித்தறிந்ததாகக் கணக்கிட்டார். பயிற்சி பெற்றவர்களுக்கு இது கூடியது. அப்படியானால் காது சில சமயம் நுட்பமானதைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு என்ற அளவில் தடுமாறும் வித்தியாசத்தை, "திரை விலகியது போல இருந்தது" என்று சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய வித்தியாசம் கேட்டதென்றால், சத்தம் கொஞ்சம் கூடியிருக்கும், அல்லது பழைய பாகம் பழுதாக இருந்திருக்கும், அல்லது எதிர்பார்ப்பு தன் வேலையைக் காட்டியிருக்கும். அரை டெசிபலுக்கும் குறைவான சத்த உயர்வைக் காது 'சத்தம்' என்று உணராது, 'தெளிவு' என்றே உணரும்.

அடுத்த மறுப்பு, காதில் விழுவதெல்லாம் கருவியில் அகப்படாது என்பது. இதற்கு எளிய விடை கழித்தல். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே தட்டின் வெளியீட்டை நல்ல சவுண்ட் கார்டில் பதிவு செய்து, அளவையும் நேரத்தையும் பொருத்தி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கலாம். மிஞ்சுவதுதான் அந்த மாற்றம் செய்த எல்லாம். அளவுகோலுக்குப் பெயர் தெரியாத குணமாக இருந்தாலும் அந்த மிச்சத்துக்குள்தான் இருந்தாக வேண்டும். மிச்சம் தட்டின் சொந்த இரைச்சலுக்கும் கீழே கிடந்தால், கேட்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

மூன்றாவது மறுப்புக்கு நியாயம் அதிகம். "விலை உயர்ந்த பிளேயர்களில் நல்ல ஐசிதானே போடுகிறார்கள்? தவிர, இது என் பொழுதுபோக்கு, கெட்டால் என் பெட்டிதானே?" போடுகிறார்கள்தான். அந்த ஐசியைச் சுற்றி போர்டையும் அதற்கேற்ப வரைந்துதான் போடுகிறார்கள். வேகமான ஐசியைப் பழைய போர்டில் செருகினால், மின்காலுக்கு மிக அருகே 104 கண்டன்சர் இல்லாவிட்டால், காதுக்கு எட்டாத மெகா ஹெர்ட்ஸில் அது தானே அலையத் தொடங்கிச் சூடாகும். பாட்டு மந்தமாகவோ கரகரப்பாகவோ ஆகும். 5532-க்கு இருபுறமும் குறைந்தது 5 வோல்ட் வேண்டும், சில மலிவு பிளேயர்களில் அது கிடைக்காது. 5532 இரட்டை, 5534 ஒற்றை. எட்டுக் கால் ஒன்றுபோல இருப்பதால் மாற்றிச் செருகினால் கதை முடிந்தது. பேர் பெற்ற ஐசிகளில் பழைய சிப்பின் முதுகைச் சுரண்டிப் புதுப் பெயர் அச்சடித்த போலிகளும் உலவுகின்றன. பொழுதுபோக்கு என்றால் கற்றுக்கொள்ள வேண்டும், கற்றுக்கொள்ளும் ஆசைக்குத் தடை சொல்ல ஒன்றுமில்லை. ஐசி பேஸ் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அளந்து பார்ப்பவர் நிச்சயம் எதையாவது கற்பார். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ்-இன் முதல் கண்டன்சரில் 230 வோல்ட் திருத்தப்பட்டு 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது கையைப் பதம் பார்க்கும்.

ஆகவே செய்ய வேண்டிய வரிசை தெளிவு. தட்டு திக்கினால் முதலில் லென்ஸைத் துடைக்க வேண்டும். நெடுஞ்சாலைத் தூசியும் கல்குவாரித் தூளும் பறக்கும் ஊர்களில் ஆப்-ஆம்பைவிட லென்ஸ்தான் அதிகக் குற்றவாளி. அடுத்து மின்வழங்கியின் கண்டன்சர்கள், பிறகு கப்ளிங் கண்டன்சர்கள்: அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி, பேர் தெரிந்த நிறுவனம், பிளஸ் மைனஸ் மாறாமல். அதற்குப் பின்னும் கையில் பணம் இருந்தால் ஸ்பீக்கருக்கும், அது நிற்கும் அறைக்கும். ஓசூரில் கடிகாரமும் இருசக்கர வாகனமும் செய்யும் ஆலைகளிலும், சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே குருபரப்பள்ளியில் மின்வழங்கிகளுக்குப் பெயர்போன டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையிலும், பேர் பெரியது என்பதற்காக ஒரு பாகத்தை யாரும் மாற்றுவதில்லை. பழையது ஏன் போதவில்லை என்று அளந்து காட்டியாக வேண்டும். ஷிப்டில் கைக்கொள்ளும் இந்த ஒழுங்கை வீட்டு மேசைக்கும் கொண்டுவந்தால் காசு மிச்சம். அதைவிடப் பெரிய லாபம் வேறு. சில ரூபாய்க் கண்டன்சர் ஒன்று காய்ந்ததற்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போகும் பிளேயர்கள் ஏராளம். எந்தப் பாகம் மூப்படையும், எது மூப்படையாது என்று தெரிந்தவர் அவற்றை இன்னும் பத்தாண்டு பாட வைப்பார்.